அம்மாவைச் சேர்க்கும் முன் அந்த இல்லத்தைப் பாருங்கள்

சென்ற தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். இப்போது மலாக்கா நகரில் லோரி ஓட்டுகிறான். மனைவிக்குப் பத்து பிரண்டாமில் தொழிற்சாலை வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. குடியிருப்பதோ மின்தூக்கி இல்லாத மலிவு விலை அடுக்குமாடியில் நான்காம் மாடி. அவனுடைய தாயாருக்கு வயது 72. ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து தனியாக விட முடியவில்லை.

"டீச்சர், ஒரு இல்லம் பார்த்து வெச்சிருக்கேன். நீங்க ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லணும். எதைப் பார்க்கிறதுன்னே எனக்குத் தெரியல" என்றான். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது. "பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுட்டான்னு ஊர் பேசும் டீச்சர்."

ஊர் பேசட்டும் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இந்த வெட்கம்தான் பல முதியவர்களுக்குக் கேடாக முடிகிறது. வெட்கப்படுகிறவன் யாரையும் கேட்பதில்லை. கிடைத்த இடத்தில் அவசரம் அவசரமாகச் சேர்க்கிறான். பிறகு நேரே போய் முகத்தைப் பார்க்கக் கூசி, மாதக் கட்டணத்தை வங்கி வழியாக அனுப்பிவிட்டு இருந்துவிடுகிறான்.

தோட்டத்து லயத்தில் ஒரு கிழவி எழுந்திருக்கவில்லையென்றால் அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடும். கஞ்சி ஒரு வீட்டிலிருந்து வரும், வெந்நீர் இன்னொரு வீட்டிலிருந்து வரும். இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் தாமான்களாக மாறிவிட்டன. வேலை முடிந்ததும் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்ற நிலையில் இருந்த மக்கள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். பிள்ளைகளின் பாசம் குறைந்துபோனது என்பதல்ல முழுக் காரணம். எட்டிப் பார்க்க இருந்த அண்டை அயலார் இல்லாமற் போனார்கள். ஆகவே இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும். சேர்ப்பதென்று முடிவானால் எப்படிப்பட்ட இல்லம் என்று பார்ப்பது நம் கடமை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டம் இருக்கிறது. 506-ஆம் எண் சட்டம் என்பார்கள். நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கிப் பராமரிக்கப்படும் இடம் எதுவானாலும், கட்டணம் வாங்கினாலும் தருமமாக நடத்தினாலும், சமூகநல இலாகாவில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு கிடைக்குமுன் தீயணைப்பு மீட்பு இலாகா, சுகாதார இலாகா, உள்ளூர் நகராண்மைக் கழகம் ஆகியவற்றின் சம்மதமும் வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் அபராதமும் சிறையும் உண்டு. இலாகா அதிகாரி உள்ளே நுழைந்து பார்வையிடலாம், ஏடுகளைப் பார்க்கலாம், அங்கே இருப்பவர்களிடம் விசாரிக்கலாம். படுத்த படுக்கையாய்த் தாதியர் கவனிப்பு தேவைப்படுவோருக்கான மருத்துவப் பராமரிப்பு இல்லங்கள் சுகாதார அமைச்சின்கீழ் வேறு சட்டத்தில் வருகின்றன. இல்லத்துக்காரரிடம் "நீங்கள் எந்த இலாகாவில் பதிந்திருக்கிறீர்கள்?" என்று முதலில் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். முறையாக நடத்துகிறவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

ஏர்வாடி சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவை நம்மவர்கள் பலர் அறிவார்கள். மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு குடும்பத்தினர் நோயாளிகளை அங்கே அழைத்துச் செல்வார்கள். அவர்களைத் தங்க வைக்க அதைச் சுற்றித் தனியார் இல்லங்கள் தோன்றின. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அவற்றுள் ஒன்றில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை, நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள்.

அதே மாதத்தில் அங்கிருந்த இல்லங்கள் மூடப்பட்டு, ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இடங்களை மாவட்டந்தோறும் கணக்கெடுக்கும்படி 2002-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தீக்கு முன்பும் அங்கே ஆயிரக்கணக்கானோர் போய் வந்தார்கள். சங்கிலியை எத்தனையோ கண்கள் பார்த்தன. பார்த்தவர்கள் அதைத் தடுக்கத்தக்க ஒன்றாக நினைக்கவில்லை.

நம் நாட்டில் 2017 செப்டம்பர் 14-ஆம் நாள் கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் விடிவதற்கு முன் தீப்பற்றியது. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 23 பேர் இறந்தார்கள். சன்னல்களில் இரும்புக் கம்பிகள். வெளியேறும் வழியிலோ நெருப்பு. ஓடியாடும் பிள்ளைகளுக்கே தப்ப வழியில்லை என்றால், கைத்தடி இல்லாமல் எழ முடியாத பாட்டிமார் என்ன செய்வார்கள்?

நாங்கள் பார்த்த இரண்டு இல்லங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமலே போனோம். முதல் இல்லத்தில் புதுச் சாயம், பெரிய தொலைக்காட்சிப் பெட்டி, பளபளக்கும் தரை. என் மாணவனுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு வாசல் கம்பிக் கதவில் தொங்கிய பூட்டுதான் கண்ணில் பட்டது. "சாவி எங்கே?" என்றேன். முதலாளியிடம் இருக்கிறதாம். முதலாளி எங்கே? வெளியே போயிருக்கிறாராம். பதிவுச் சான்றிதழைக் கேட்டோம். "விண்ணப்பம் போட்டிருக்கிறோம்" என்றார் அங்கிருந்த பெண். பின்கட்டில் இருந்த ஒரு தாத்தாவின் கையில் துணிக்கட்டு தெரிந்தது. காயத்துக்கு என்று நினைத்தேன். அருகில் போய்ப் பார்த்தால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. "விழுந்திடுவார், அதுக்குத்தான்" என்றார்கள். ஏர்வாடி நினைவுக்கு வந்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டாவது, பழைய பலகை வீடு. சாயம் மங்கியிருந்தது. ஆனால் சான்றிதழ் வாசற்கூடத்துச் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி மாட்டியிருந்தது. காலாவதித் தேதியையும் பார்த்தோம். தீயணைப்புக் கருவி இருந்தது. பின்கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறந்தது. குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி, தரையில் வழுக்காத விரிப்பு. மருந்துகள் ஒவ்வொருவர் பெயரெழுதிய தனித்தனிப் பெட்டிகளில் இருந்தன. எப்போது கொடுத்தார்கள் என்று ஏட்டில் குறித்திருந்தார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சோறும் தேநீரும் தனியாக வந்தன. மாட்டிறைச்சி உண்ணாதவர் யார் யார் என்று சமையற்காரருக்குத் தெரிந்திருந்தது.

நடக்க முடியாத ஓர் அம்மாவிடம் அனுமதி கேட்டு, முதுகையும் குதிகாலையும் பார்த்தேன். படுக்கைப்புண் இல்லை. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் சிவந்து, பிறகு புண்ணாகிவிடும். அந்த இல்லம் எப்படிக் கவனிக்கிறது என்பதை அந்த அம்மாவின் முதுகே சொல்லிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. இரவில் 14 பேருக்கு ஒரே ஒரு பணிப்பெண். தீப்பிடித்தால் ஒருத்தி எத்தனை பேரைத் தூக்குவாள்? கேட்டோம். இன்னோர் ஆள் போடுவதாகச் சொன்னார் நடத்துகிறவர். அதை என் மாணவன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

இங்கிலாந்தில் 2009 முதல் செயல்படும் பராமரிப்புத் தர ஆணையம் இல்லங்களைச் சோதித்து, அறிக்கையை எவரும் படிக்கும்படி வெளியிடுகிறது. மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது என்று தரமும் கொடுக்கிறது. இல்லத்துக்காரர் அதைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். நாம் போன அன்று நம் கையில் அப்படி ஓர் அறிக்கை இல்லை. நம் கண்ணும் மூக்கும்தான் இருந்தன. மூத்திர வாடையை எந்தப் புதுச் சாயமும் மறைக்காது.

தண்ணீர் என்றால் யாருக்குப் புரியும்?

எங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றை அவன் தாயார் கேட்டார். "ஏன் டீச்சரம்மா, அங்க நம்ம பேச்சு யாருக்காச்சும் தெரியுமா? ராத்திரியில தண்ணி தாகமெடுத்தா நான் யாருகிட்ட என்னன்னு கேப்பேன்?"

எனக்குச் சுருக்கென்றது. இங்கே பணிப்பெண்கள் இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வருகிறார்கள். தோட்டத்திலேயே வாழ்ந்த தாய்மாருக்குத் தமிழும் கொஞ்சம் பசார் மலாயும்தான் தெரியும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவரைத் தொந்தரவில்லாதவர் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். தமிழ் பேசும் இன்னொரு முதியவருக்குப் பக்கத்துக் கட்டிலைக் கேட்டு வாங்குங்கள்.

ஆதரவற்றவர்களுக்கு

பிள்ளைகளும் உறவும் வசதியும் இல்லாதவர்களுக்கு அரசு இல்லங்கள் உண்டு. நம் மாநிலத்தில் செங் என்னுமிடத்தில் சமூகநல இலாகாவின் 'ருமா ஸ்ரீ கெனாங்கான்' இருக்கிறது. 60 வயதுக்கு மேற்பட்ட, தொற்றுநோய் இல்லாத, தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளக்கூடியவர்களுக்கு அது. நாட்பட்ட நோயாளிகளுக்குக் கோல குபு பாருவிலும் டுங்குனிலும் 'ருமா எஹ்சான்' இல்லங்கள் உள்ளன. ஆனால் குடியுரிமை வேண்டும். சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளிய நம் முதியவர்கள் கடைசியில் தட்டுத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், உடம்பு தெம்பாக இருக்கும்போதே பிறப்புப் பத்திரம், தோட்டத்துப் பழைய ஏடுகள், சாட்சிகள் ஆகியவற்றைத் திரட்டிப் பதிவு இலாகாவுக்குப் போங்கள்.

அன்னதானத்துக்குப் போகிறவர்களே!

பிள்ளையின் பிறந்தநாளுக்கும் தாய் தந்தையரின் திதிக்கும் முதியோர் இல்லங்களில் சாப்பாடு போடும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. சோறு பரிமாறுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், திரும்புகிறோம். சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி உள்ளே போவதில்லை. அடுத்த முறை போகும்போது "கழிவறை எங்கே?" என்று கேட்டு உள்ளே போய் வாருங்கள். பின்கதவு திறக்கிறதா பாருங்கள். யார் கையாவது கட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். கோவில் கமிட்டியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முறைவைத்துப் போனால், எந்த இல்லத்துக்கும் மாதம் ஒருமுறை வெளியார் பார்வை கிடைத்துவிடும்.

தவறு கண்டால் முதலில் நடத்துகிறவரிடம் சொல்லுங்கள். திருந்தாவிட்டால், அல்லது அடி, கட்டு, பட்டினி என்று கொடுமை தெரிந்தால், 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணுக்கு அழையுங்கள். சமூகநல இலாகாவிலும் புகார் செய்யலாம். அந்தத் துணிக்கட்டைப் பற்றி நாங்களும் அப்படித்தான் சொன்னோம். இல்லத்தை மூடினால் உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதற்காகவே புகாரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யாருக்கு உறவினர் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் மாணவன் தாயாரை இரண்டாவது இல்லத்தில் சேர்த்திருக்கிறான். சனிக்கிழமைகளில் மாலை, மற்றொரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் என்று வாரம் இரு முறை போகிறான். தண்ணீர், பசி, வலி, குளிர், கழிவறை என்ற ஐந்து தமிழ்ச் சொற்களைப் பணிப்பெண்கள் வாசிக்கும் எழுத்தில் அட்டையில் எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டினான். போன மாதம் நானும் பார்க்கப் போயிருந்தேன். இரவுக்கு இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை. அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்த இந்தோனேசியப் பெண் வந்து, "பாட்டி, தண்ணி?" என்று கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.