பின்கொட்டிலுக்கும் இணையம்

2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, ஊவாவின் போகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே மலையேறிப் பாடம் படித்தனர். வீட்டுக்கே இணைப்பு வந்தாலும் சிரமம் முற்றாகத் தீர்ந்துவிடுவதில்லை. இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்கும் குடும்பத்தின் பிள்ளை, பின்புறக் கொட்டிலில் இருந்துதானே படிக்கிறது? தூரத்தைவிடத் தகரச் சுவரே அங்கு பெரிய தடை. உலோகம் வானொலி அலையைத் திருப்பிவிடும்.

முதலில் ரவுட்டரைக் கொட்டிலைப் பார்த்த யன்னலருகே வைத்துப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை. போதாவிட்டால், 100 மீற்றருக்குள் வெளிப்பாவனைக்குரிய நெட்வேர்க் கேபிளை இழுத்து, கொட்டிலுக்குள் இன்னொரு வைஃபை பெட்டியைப் பொருத்தலாம். ஆனால் அது செம்புக் கம்பி. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலைதோறும் இடி முழங்கும் றக்வான மலைகளில், இரு கட்டடங்களுக்கிடையே செம்பு இழுப்பதை நாம் விரும்புவதில்லை. அருகில் மின்னல் விழுந்தாலே இருபக்கக் கருவிகளும் கருகக்கூடும். கண்ணாடியிழைக் கேபிளில் மின்சாரம் ஓடாது. ஆனால் இரு முனைக்கும் மாற்றிப் பெட்டிகள் வேண்டும், செலவு கூடும். இடையில் மரம் மறைக்காவிட்டால், இரு சிறு அன்ரெனாக்களை நேருக்கு நேர் பொருத்தலாம். மழையில் நனைந்த இலைகள் அலையை உறிஞ்சிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மாதக் கட்டணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை வீட்டுக்காரருடன் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.