விரலுக்கும் மூக்குக்கும் ஒரு தோட்டம்



இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1996இல், மட்டக்களப்பில் பிள்ளைகளுக்கென்றே ஒரு தோட்டம் உருவானது. பெயர், வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அதை உருவாக்க முன்னின்றவர்கள். அதற்கு முன்னர் ரொறன்ரோவில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான மறுவாழ்வு நிலையமொன்றின் தோட்டத்தில் பணியாற்றியவர் ஹோகன். அந்த அனுபவம் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது.

தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் ஒன்றாக வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். “என்ன நடந்தது?” என்று கேட்டால் வாயே திறக்காத பிள்ளையும் கையில் களிமண் கிடைத்தால் ஏதோவொன்றைச் செய்து காட்டும். எனக்கென்னவோ, தோட்டத்தின் பலம் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

உங்கள் வளவிலும் பிள்ளைகள் தொட்டும் முகர்ந்தும் பழக ஒரு சின்னத் தோட்டம் அமைக்கலாம். கற்பூரவல்லி இலையை முதலில் தடவச் சொல்லுங்கள். தடிப்பாக, மெல்லிய மயிரோடு இருக்கும். பிறகு கசக்கி முகரட்டும். தொட்டாற்சுருங்கி இருந்தால் கேட்கவே வேண்டாம், பிள்ளை அதைவிட்டு எழும்பாது! முள் மட்டும் கவனம்.

சில பிள்ளைகளுக்கு ஈரமண் பட்டாலே கூசும். வற்புறுத்தாதீர்கள். முதலில் தடியால் கிளறட்டும், விரல் பிறகு வரும். அலரியும் ஊமத்தையும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அவை வேண்டாம்.