107 டிகிரி சூடு... கர்ப்பப்பை வாய் புற்றுநோயில் கதிர்வீச்சுக்குக் கைகொடுக்கும் வெப்ப சிகிச்சை!

காய்ச்சல் 104-ஐத் தொட்டாலே வீடு கலவரமாகிவிடும். ஆனால் நெதர்லாந்தின் ரோட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம் நகரங்களில், கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க் கட்டியை ஏறக்குறைய 107 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வேண்டுமென்றே சூடாக்குகிறார்கள் மருத்துவர்கள். உடல் முழுவதையும் அல்ல, அடிவயிற்றுப் பகுதியை மட்டும். இதற்குப் பெயர் ஹைப்பர்தெர்மியா.

சூடு மட்டும் புற்றுநோயைக் குணப்படுத்திவிடாது. கதிர்வீச்சு நன்றாக வேலை செய்ய அது துணை நிற்கிறது, அவ்வளவுதான்.

கட்டி முற்றிய நிலையில் வரும் பெண்களுக்கு வெளியிலிருந்து சுமார் 5 வாரம் ரேடியேஷன் தரப்படும். அதன்பிறகு பிராக்கிதெரபி எனும் உள் கதிர்வீச்சு. கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாய்களை வைத்து, அரிசி மணியைவிடச் சிறிய இரிடியம்-192 துண்டைக் கட்டியின் பக்கத்திலேயே கொண்டுபோய் சில நிமிடங்கள் நிறுத்துவார்கள். தமிழகத்தின் பெரிய புற்றுநோய் மையங்களில் இது வழக்கமான சிகிச்சைதான்.

சூடு எதற்கு?

பெரிய கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகாது. ஆக்ஸிஜன் குறைந்த அந்த செல்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாது. வெப்பம் ரத்த ஓட்டத்தைக் கூட்டி, ஆக்ஸிஜனை உள்ளே அனுப்புகிறது. இன்னொரு வேலையும் செய்கிறது. கதிர்வீச்சால் உடைந்த டி.என்.ஏ-வைப் புற்று செல்கள் தாமாகவே ஒட்டுப்போட்டுக்கொள்ளும். சூடு பட்டதும் அந்தப் பழுதுபார்ப்பு சில மணி நேரம் முடங்கிப்போகிறது. அதனால்தான் இரண்டு சிகிச்சைகளையும் ஒரே நாளில், அதிக இடைவெளி விடாமல் கொடுக்கிறார்கள்.

இடுப்பைச் சுற்றி வைக்கும் கருவியிலிருந்து வரும் ரேடியோ அலைகள் உள்ளே வெப்பத்தை உண்டாக்கும். வாரம் ஒரு முறை, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். சிறுநீர்ப்பை, பெண்ணுறுப்பு, மலக்குடலில் வைத்த நுண்ணிய வெப்பமானிகள் அளவைக் காட்டும். 'எரியுது' என்று சொன்னால் உடனே குறைத்துவிடுவார்கள். பிராக்கிதெரபிக்காகச் செருகிய அதே குழாய்கள் வழியாகவே சூட்டையும் செலுத்தும் முறையும் உண்டு. (வீட்டில் ஹாட் வாட்டர் பேக் வைத்தால் போதாதா என்றால், போதாது. அந்தச் சூடு தோலைத் தாண்டாது. ரேடியேஷன் பட்ட தோல் வெந்துபோகும் ஆபத்து வேறு!)

பலன் எவ்வளவு?

1990 முதல் 1996 வரை நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், முற்றிய கர்ப்பப்பை வாய் புற்றுநோயுள்ள 114 பெண்கள் இருந்தனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 3 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 27 சதவிகிதம். வெப்பமும் சேர்த்துப் பெற்றவர்களில் 51 சதவிகிதம். 12 ஆண்டுகள் கழித்தும் வித்தியாசம் மறையவில்லை: 20-க்கு 37.

ஆனால், எல்லா ஆய்வுகளும் இப்படிச் சொல்லவில்லை. சர்வதேச அணுசக்தி முகமை நடத்தி 2005-ல் வெளியான ஆய்வில், 110 பெண்களிடம் வெப்பத்தால் கூடுதல் பலன் தெரியவில்லை. 1999-க்குப் பிறகு கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் எனும் கீமோ மருந்து சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அதோடு வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்த ஜப்பான் ஆய்வில் 101 பேர் பங்கேற்றார்கள். பலன் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. சிறுநீரகக் கோளாறு போன்ற காரணங்களால் சிஸ்பிளாட்டின் தாங்க முடியாத பெண்களுக்குத்தான் இந்தச் சூடு பெரிதும் கைகொடுக்கக்கூடும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், இடுப்பில் உலோக மூட்டு பொருத்தியவர்களுக்கும் பொதுவாக இதைத் தருவதில்லை.

'வெப்ப சிகிச்சை' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, நடந்துகொண்டிருக்கும் ரேடியேஷனை நிறுத்துவதுதான் ஆபத்து. வெளிக் கதிர்வீச்சும் பிராக்கிதெரபியும் சேர்த்து மொத்தம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். தள்ளிப்போனால் கட்டி கட்டுக்குள் வரும் வாய்ப்பு குறையும். குழாய் வைப்பார்கள் என்ற பயத்திலேயே பிராக்கிதெரபிக்கு வராமல் போகும் பெண்கள் உண்டு. மயக்கமோ, வலி தெரியாத மருந்தோ கொடுத்துத்தான் வைப்பார்கள். அந்தப் பயத்தை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடலாம்.