பழைய மடிக்கணினிக்கு நினைவகம் கூட்டுதல்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் பணிபுரியும் ஆசிரியர்களுள்ளும் களப்பணியாளர்களுள்ளும், பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினியை இன்றும் உபயோகிப்போர் உளர். அது பழுதாகிவிடவில்லை, மெதுவாகிவிட்டது. மதிப்பெண் பட்டியல் ஒன்றைத் திறந்துவிட்டுத் தேநீர் அருந்தி வரலாம் என்னும் நிலைக்கு வந்துவிட்டது. இதனைச் சீர்செய்யும் வழிகளுள் நினைவகத்தைக் கூட்டுவது எளியதொன்று. கடைகளில் இதனை 'ரேம்' என்று கேட்டு வாங்குகின்றனர்.

எளியதாயினும் இதில் ஓர் இடர் உண்டு. தகுந்த கடை நம் ஊரில் இருப்பதில்லை. சித்தூர்க்காரர் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ செல்ல வேண்டும். மூணாற்றுக்காரர் மலையிறங்கிப் போடிநாயக்கனூருக்கோ தேனிக்கோ செல்ல வேண்டும். பீர்மேட்டினர் குமுளி வழியே கம்பத்திற்குச் செல்ல வேண்டும். பொருந்தாத தகட்டை வாங்கிவந்தால் பணத்தோடு மற்றொரு நாளும் வீணாகும். ஆதலின் புறப்படுமுன் வீட்டிலேயே அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே முக்கியமாகக் கூறுவோம்.

நினைவகம் செய்யும் வேலை யாது? கணினியின் வன்தட்டை ஆவண அறை என்றும், நினைவகத்தை எழுத்தரின் மேசை என்றும் கொள்ளலாம். மேசை சிறிதாயின், ஒரு கோப்பை எடுக்க மற்றொன்றை ஆவண அறைக்குத் திருப்பியனுப்ப வேண்டும். சுழலும் வன்தட்டிலிருந்து ஒரு செய்தியை எடுக்கச் சுமார் 10 மில்லி விநாடி ஆகிறது. நினைவகத்திலிருந்து எடுக்க அதில் லட்சத்தில் ஒரு பங்கே போதும். மேசைக்கும் ஆவண அறைக்கும் இடையே ஓயாது நடப்பதே நாம் காணும் தாமதம்.

நினைவகத்தின் ஒவ்வொரு அணுவறையும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றும், டிரான்சிஸ்டர் ஒன்றும் கொண்டது. இவ்வமைப்பை 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்து ராபர்ட் டென்னார்டு கண்டறிந்தார். மின்தேக்கி ஒழுகும் குடத்தைப் போன்றது. ஆகையால் ஒவ்வொரு 64 மில்லி விநாடிக்குள்ளும் அதனை மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றதும் எழுதியது மறைவது இதனாலேயே. 1960-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியின் நினைவகம், 40 பிட்டு கொண்ட 2,048 சொற்களே. இன்று 4 ஜிகாபைட் தகடு ஒன்று அதனைப் போல் நான்கு லட்சம் மடங்குக்கு மேல் கொள்ளும். அதுவும் போதவில்லை என்கிறோம்!

முதலில் குறை நினைவகத்தில்தானா என்று சோதித்தல் வேண்டும். வழக்கமான வேலைகளைத் திறந்துவைத்து, விண்டோஸ் ஆயின் டாஸ்க் மேனேஜரிலும், லினக்ஸ் ஆயின் சிஸ்டம் மானிட்டரிலும் நோக்குக. நினைவகம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிறைந்திருப்பின் அதனைக் கூட்டுவது பயன் தரும். பாதி காலியாக இருந்தும் வன்தட்டு ஓயாது இயங்குமாயின், குறை பெரும்பாலும் வன்தட்டில் உள்ளது, அப்பணத்தை எஸ்.எஸ்.டி. வாங்கச் செலவிடுவதே மேல். நினைவகப் பற்றாக்குறையும் வன்தட்டை ஓயாது இயக்கும் ஆதலால், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்து, தகட்டின் தலைமுறை. டி.டி.ஆர். 2 வகை மடிக்கணினித் தகட்டில் 200 தொடுமுனைகளும், டி.டி.ஆர். 3 வகையில் 204-உம், டி.டி.ஆர். 4 வகையில் 260-உம் உள்ளன. ஒரு தலைமுறைத் தகடு மற்றொன்றின் பொருத்துவாயில் நுழையாது. ஏமாற்றம் நேர்வது டி.டி.ஆர். 3-க்குள்ளேயேதான். அதில் 1.5 வோல்ட்டில் இயங்குவது ஒன்று; 1.35 வோல்ட்டிலும் இயங்கக்கூடிய 'எல்' வகை மற்றொன்று. இரண்டும் ஒரே வடிவின. ஆனால் குறைந்த மின்னழுத்தத்தை மட்டுமே ஏற்கும் கணினியில் முதல் வகை இயங்காது. இதனை எழுதுவோனும் ஒருமுறை இவ்வாறு வாங்கிக் கடைக்கு இருமுறை நடந்ததுண்டு. பழைய தகட்டின் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்துச் செல்வது நலம். தகட்டையே கழற்றி எடுத்துச் செல்வது அதனினும் நலம்.

கணினி ஏற்கும் உச்ச அளவையும் அதன் கையேட்டில் காண்க. சில சிறு மடிக்கணினிகள் 2 ஜிகாபைட்டுக்கு மேல் ஏற்பதில்லை. மெல்லிய இயந்திரங்கள் சிலவற்றில் நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. 32 பிட்டு இயங்குதளம் 4 ஜிகாபைட்டுக்கு மேல் முகவரியிட இயலாதது. சாதாரணமாக மூன்று, மூன்றரையே பயன்படும். விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-இல் பொதுவாக நின்றுவிட்டன. நினைவகம் கூட்டினால் விண்டோஸ் 11 ஏறும் என்று எண்ணற்க. அது செயலி முதலிய பிறவற்றையும் நோக்கும். கேரளப் பள்ளிகளில் பயிலப்படும் லினக்ஸ் இயங்குதளமோ, 4 அல்லது 8 ஜிகாபைட் கொண்ட பழைய இயந்திரத்திலும் நன்கு இயங்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: கைட் நிறுவனத்தின் வழியே பள்ளிக்கு வழங்கப்பட்ட கணினிகளை நாமாகத் திறத்தல் கூடாது. இங்குக் கூறுவது சொந்தக் கணினிக்கே.

பொருத்தும் முறை கடினமன்று. மின்னிணைப்பை நீக்கி, பேட்டரியைக் கழற்றி, இயக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்துக. பேட்டரி உள்ளே அமைந்திருப்பின், மூடியைத் திறந்ததும் அதன் இணைப்பை முதலில் எடுக்க. சிறு திருப்புளியால் அடிமூடியைத் திறந்தால், தகட்டின் இருபுறமும் பிடிப்புகள் தெரியும். அவற்றை வெளிப்புறம் விலக்கினால் தகடு தானே எழும்பும். புதியதைச் சாய்வாக முற்றிலும் செருகிப் பின் கீழே அழுத்தினால், பிடிப்புகள் ஓசையுடன் பற்றும்.

இடத்திற்கேற்ற எச்சரிக்கை இரண்டு. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும்போது நம் உடலில் நிலைமின்சாரம் எளிதில் சேரும். விரல் நுனியில் சுரீரென உணரப்படுவதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். நாம் உணராத சிறு மின்பாய்ச்சலும் சில்லுகளைக் கெடுக்க வல்லது. எனவே நிலத்தொடர்புடைய உலோகம் ஒன்றைத் தொட்டபின், தகட்டை ஓரங்களில் மட்டும் பிடிக்க. மூணாற்றுப் பகுதியிலோ இடர் ஈரத்தால் வருவது. குளிரில் ஜீப்பில் வந்த கணினியைச் சூடான அறைக்குள் கொணர்ந்தவுடன் திறந்தால் உள்ளே நீர்த்துளி படியும். ஒரு மணி நேரமாவது பொறுக்க. மழைக்காலங்களைக் கடந்த தகட்டின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கியிருப்பின், மெல்லிய ரப்பரால் இலேசாகத் தேய்த்துத் துகளைத் தட்டிவிடுக. பல வேளைகளில் பழுது என்று எண்ணியது இதனாலேயே நீங்கிவிடும். கடைக்குச் செல்லவே வேண்டியதில்லை.

மூடியை முடுக்குமுன் கணினியை இயக்கி, கூட்டிய அளவு முழுவதும் காட்டப்படுகிறதா என்று பார்க்க. திரை கறுத்து 'பீப்' ஒலி மட்டும் எழுந்தால், தகடு சரியாக அமரவில்லை என்றே முதலில் கொண்டு மீண்டும் செருகுக. பின்னர் மெம்டெஸ்ட் போன்ற சோதனை நிரலை ஓரிரவு ஓடவிடுவது நன்று. தகட்டில் பிழை இருப்பின் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ள அது சான்றாகும். அதுவரை பழைய தகட்டை, புதியது வந்த உறையிலேயே இட்டுவைக்க.