பிழையில் பிறந்த நிரல்கள்

தோப்பும்படியில் என் கடைக் கணக்கைக் கணினியில் ஏற்றித் தரும் பேரன் ஒருநாள் கேட்டான்: "தாத்தா, தப்பா காப்பி பண்ணினா எல்லாம் கெட்டுத்தானே போகும்?"

வியாபாரிக்கு வேறு பதில் ஏது? பேரேட்டில் ஓர் இலக்கம் மாறினாலும் நட்டம்தான். ஏடுகளிலும் அப்படியே. பெயர்த்தெழுதியவர் கை தவறியதால் வந்த பாடபேதங்கள் எத்தனை! 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார்.

ஆனால் அமெரிக்கச் சூழலியல் அறிஞர் தாமஸ் ரே, 1990இல் பிழையையே விதையாக்கினார். அவர் செய்த விளையாட்டின் பெயர் 'டியரா'. 80 கட்டளைகள் கொண்ட ஒரு சிறு நிரல். தன்னைத் தானே படியெடுப்பதே அதன் வேலை. இடையிடையே பிழை நேரும்படி அவரே அமைத்தார். நினைவகம் நிரம்பினால் பழையனவும் தவறு மிகுந்தனவும் நீக்கப்படும்.

பெரும்பாலான பிழைகள் நிரலைக் கெடுத்தன. கெட்டவை பெருக முடியாமல் மறைந்தன. ஆனால் 45 கட்டளைகளே கொண்ட ஒன்று தோன்றியது. அதற்குச் சொந்தமாகப் படியெடுக்கும் பகுதியே இல்லை; பக்கத்து நிரலின் பகுதியைக் கொண்டு பெருகியது, மாமரத்துப் புல்லுருவி மாதிரி. பின்னர் அதற்கு இடங்கொடாத நிரல்களும் வந்தன. இவை எதையும் யாரும் எழுதவில்லை.

பேரனிடம் சொன்னேன்: "கெடுறதுதான் அதிகம்டா. சலிக்க ஒரு சல்லடை இருந்தா, புதுசும் பொறக்கும்."

மலையாளம் கலந்த நம் பிள்ளைகளின் தமிழையும் இப்போது அப்படியே பார்க்கிறேன். மாற்றமெல்லாம் கேடல்ல. வீட்டில் பேசாமல் விட்டால்தான் கேடு. அப்போது படியெடுப்பே நின்றுவிடும்.