மரம் காய்க்கவில்லையா? மண்ணைக் கவனியுங்கள்!



பாவா ஆதம் மலையின் அடிவாரத்தில், மஸ்கெலியாவுக்கு அப்பால் இருக்கிறது நல்லதண்ணி. பெயருக்கேற்ற நல்ல தண்ணீர்தான். ஆனால் வீட்டுக்குப் பின்னால் நட்ட தோடையும் தேசியும் ஆனைக்கொய்யாவும் ஏன் வெளிறி நிற்கின்றன? பசளை போட்டும் ஏன் பலனில்லை?

காரணம் மண்ணின் புளிப்பு. மலையகத்தின் கடும் மழை மண்ணிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிச் சென்றுவிடுகிறது. யூரியா, அமோனியம் சல்பேற்று போன்ற பசளைகளைத் தொடர்ந்து இட்டாலும் புளிப்பு ஏறும். இதை அளக்கும் அலகுதான் பி.எச். 7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு அதிகம். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை உகந்தது. பெரும்பாலான பழமரங்களுக்கோ 5.5 முதல் 6.5 வரை வேண்டும். தேயிலை செழிக்கும் மண்ணிலேயே தோடை வாடுவதன் இரகசியம் இதுதான்!

புளிப்பு மிகுந்தால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைக் குறுக்கும். பொசுபரசையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது எவ்வளவு பசளை போட்டாலும் மரத்துக்குப் போய்ச் சேராது. உங்கள் பணம்தான் வீண். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம்.

முற்றத்து ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்கள். பூ நீலமாக இருந்தால் மண் புளிப்பு. இளஞ்சிவப்பானால் புளிப்பு குறைவு. (வெள்ளைப் பூ நிறம் மாறாது.) இலைகளும் பேசும்:

* முதிர்ந்த இலை முழுவதும் வெளிறினால் நைதரசன் குறைவு.
* முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருக்க, இடைவெளி மஞ்சளானால் மக்னீசியம் குறைவு.
* முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம் குறைவு.
* இளம் இலையில் நரம்புகளுக்கிடையே மஞ்சளானால் இரும்பு அல்லது நாகம் குறைவு.

ஆயினும் கண்ணால் கண்டதை மட்டும் நம்பாமல் மண்ணைப் பரிசோதிப்பதே மேல். சருகை நீக்கி, ஐந்தாறு இடங்களில் அரை அடி ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவில் பொதி செய்யுங்கள். அண்மையில் பசளை இட்ட இடத்தைத் தவிருங்கள். எங்கே அனுப்புவதென்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் சொல்வார்.

புளிப்பைத் தணிக்க டொலமைட் நல்லது. கல்சியம், மக்னீசியம் இரண்டும் அதில் உண்டு. அளவைப் பரிசோதனை முடிவே சொல்ல வேண்டும். டொலமைட்டையும் யூரியாவையும் ஒன்றாக இடாதீர்கள். நைதரசன் ஆவியாகிப் போகும். சில வாரம் இடைவெளி விடுங்கள். அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைத்துப் பொட்டாசியம் தரும். அதையும் பச்சைச் சாணத்துடன் கலக்க வேண்டாம். முட்டைக்கோதை நன்றாகப் பொடித்துப் போடலாம்.

நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். ஆதம் (அலை) அவர்களைப் படைத்ததும் மண்ணிலிருந்துதானே! அந்த மண் நம் கையில் அமானிதம். அதன் குறையறிந்து பேணுவோம், இன்ஷா அல்லாஹ்.