தோசைக்கல்லும் பைத்தான் பெட்டியும்

தோசை ஊற்றுமுன் கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோம். சுர்ரென்று பொரிந்தால் சூடு அதிகம். அடுப்பைச் சிம்மில் வைத்தாலும் கல் உடனே ஆறாது. ஓரம் மட்டும் நடுவைவிட எப்போதும் சூடு குறைவு. பால் பைத்தான் (ball python) என்ற பாம்பின் பெட்டியைச் சூடாக்குவதிலும் கவனிக்க வேண்டியவை இவைதான்.

பாம்பு உடம்புக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. வேண்டும்போது சூட்டுக்கும், போதுமென்றால் குளிர்ச்சிக்கும் நகரும். அதனால் சூடேற்றும் விரிப்பான ஹீட் மேட்டைப் பெட்டிக்கு அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் போட வேண்டும். அந்தப் பக்கம் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 25 முதல் 27. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். இல்லாவிட்டால் பயத்தில் ஒரே மூலையில் சுருண்டுகொள்ளும்.

அடுப்புத் திருகைப் பிடித்திருக்கும் கைதான் தெர்மோஸ்டாட். 32-ல் நிறுத்தும், சற்று இறங்கியதும் மறுபடி போடும். ஆனால் அதற்குக் கண் கிடையாது. ஒயர் நுனியிலுள்ள சென்சார் சொல்வதை அப்படியே நம்பும். பாம்பு இழுத்து சென்சார் குளிர்ந்த பக்கம் விழுந்துவிட்டால், மேட் நிற்காமல் கொதிக்கும். அதனால் சென்சாரை மேட்டுக்கும் பெட்டியின் அடிப்பகுதிக்கும் நடுவே, வெளியிலேயே ஒட்டிவிடுங்கள். உள்ளே டேப் ஒட்டினால் பாம்பின் தோல் அதில் சிக்கிக் கிழியும். பாம்பு படுக்கும் தரையைத் தனி டிஜிட்டல் தெர்மாமீட்டரால் தினமும் பாருங்கள். தண்ணீர் தெளித்துப் பார்ப்பது அதுதான். உதட்டோரக் குழிகளால் இரையின் சூட்டை அறியும் பைத்தான், அடிவயிறு வெந்தாலும் சுடும் தரையிலேயே கிடப்பதுண்டு.

இனிமேல்தான் நம் ஊர்ச் சங்கதி. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகள் சூடேற்றுவதைத்தான் அதிகம் பேசுகின்றன. சேலத்திலும் நாமக்கல்லிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் தெர்மோஸ்டாட் காலையிலேயே மேட்டை நிறுத்தியிருக்கும். அதற்குமேல் அதனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை, குளிர்விக்க அதற்குத் தெரியாது. கண்ணாடிப் பெட்டியை மேற்குச் சுவரோரமோ வெயில் விழும் ஜன்னலோரமோ வைக்கவே கூடாது. கீழ்த்தளத்து அறை நல்லது. மதியத்தில், உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, குளிர்ந்த பக்கத்துக்கு வெளியே சாய்த்து வைக்கலாம். மார்கழி இரவில் கரண்ட் போனால், காற்றோட்டத்தை அடைக்காமல் பெட்டியைக் கம்பளியால் போர்த்தினால் போதும். சில மணி நேரக் குளிரைப் பாம்பு தாங்கும். கூடுதல் சூட்டைத் தாங்காது.

சட்டமும் உண்டு. மலைப்பாம்பு, மண்ணுளி உட்பட நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தானையும் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும்.

பாம்பு வாங்குமுன், சித்திரை மதியத்தில் காலிப் பெட்டியை ஓட்டிப் பாருங்கள். என்ன செய்தும் குளிர்ந்த பக்கம் 30-க்குக் கீழே இறங்கவில்லையென்றால், அந்த வீட்டுக்குப் பைத்தான் வேண்டாம்.